உச்சி வெயிலில் ஒரு ‘ஏங்க’

பேய் என்றால் நடு ராத்திரியில்தான் வரும், வெள்ளைச் சேலை கட்டித்தான் வரும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் யாரும் பேயைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன். பட்டப்பகலில், பங்குனி வெயிலில், அவரவர் நிழல் அவரவர் காலடியில் சுருண்டு கிடக்கிற உச்சி நேரத்தில் இந்தக் காதால் கேட்டேன். இது கட்டிவிட்ட கதை இல்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம். எனக்கு வருத்தமில்லை.

என் பேர் சண்முகவள்ளி. முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு மிளகாய்க்காட்டு ஊர். ஐம்பத்தேழாம் வருஷம் தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்குத் திருவாடானைத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. பெரிய கோயிலுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தனிக்குடித்தனம்.

அவர் பேர் என்ன என்று கேட்பீர்கள். இப்போது தாராளமாகச் சொல்வேன். ஆனால் அன்றைக்குக் காலை வரைக்கும் சொல்லமாட்டேன், அதனால் நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். பெண்டாட்டி வாயால் புருஷன் பேரைச் சொன்னால், சொல்லுக்கு ஒரு நாள் அவன் ஆயுசில் குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அதை அப்படியே நம்பினேன். யாராவது கேட்டால், “நயினார்கோயில் சாமி பேரு” என்பேன். அவர்களாகப் புரிந்துகொள்வார்கள். அந்தக் கோயிலுக்கே போனாலும் “அப்பனே” என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வருவேன்.

வீட்டில் அவரைக் கூப்பிட ‘ஏங்க’தான். எனக்கு மட்டுமா? எல்லாப் பெண்டாட்டிக்கும் அதுதான். எங்கள் தெருவில் ஒருத்தி வாசலில் நின்று “ஏங்க” என்றால் நாலு வீட்டில் புருஷன்மார் தலையைத் தூக்குவார்கள். தன் வீடு இல்லை என்று தெரிந்ததும் மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார்கள். இது எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

கல்யாணம் ஆகி மூன்றாவது மாசம் அது. அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. வெளியில் சொல்ல வெட்கம். அவர் ரசத்தை விட்டுச் சோற்றைப் பிசைகிற அழகைக்கூடக் கதவோரம் நின்று பார்ப்பேன். என்னைப் பெற்ற அய்யா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். எனக்கென்று ஓர் ஆண் துணை வாய்த்தது இவர் ஒருவர்தான். அன்றைக்கு நான் எதை இழக்க இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பூருக்குப் போனோம். வெயிலுகந்த பிள்ளையாரைக் கும்பிட்டோம். பிறகு அவர், “அப்படியே கோட்டைத் தோட்டத்தையும் பாத்துட்டு வருவம்” என்றார். எந்தக் கோட்டை, எந்த ஜமீன் என்று கேட்காதீர்கள். வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள். பேர் சொல்லாமல் இருப்பது எனக்குப் புதுசா என்ன? ஜமீன் ஒழிந்ததும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கோட்டை, உள்ளே சின்ன அரண்மனை, சுற்றிலும் தோட்டம். கம்பி வேலி போட்டு, டிக்கெட் வைத்து, ‘பொதுமக்கள் பூங்கா’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள்.

பஸ் நிற்கிற முக்கில் வாவு முகம்மது என்பவர் டீக்கடை வைத்திருந்தார். வழி கேட்டோம்.

“கோட்டைக்கா? கடலைப் பாத்து நடங்க தம்பி. பச்சையா ஒரு தோப்புத் தெரியும், அதான். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற பச்சை ஏது?” என்றார்.

அது உண்மைதான். வழியெல்லாம் உடைமரமும் உப்பு மண்ணும். அதற்கு நடுவே திடீரென்று மா, தென்னை, மகிழமரம், நந்தியாவட்டைப் புதர் என்று குளுகுளுவென்று ஒரு தோட்டம். கண் கூசியது. எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் என்று இரண்டு பேருமே பேசிக்கொண்டோம்.

வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். “இன்னைக்கி நீங்க ரெண்டு பேருதான். பாருங்க. நான் வீட்டுல போயிச் சாப்பிட்டு வாரேன்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தோட்டத்தில் மிச்சம் இருந்தது தோட்டக்காரர் ஒருவர்தான். தலைப்பாகை கட்டிய கிழவர். பக்கத்தில் ஒரு மண்பானை வைத்திருந்தார். கேட்காமலே ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை. கூப்பிடுதூரத்தில் கடல். கரிக்கவேண்டிய மண். ஆனால் இளநீர் மாதிரி இனித்தது. நான் இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தேன்.

“எந்தக் கெணத்துத் தண்ணி பெரியவரே?” என்று அவர் கேட்டார்.

கிழவர் அவர் பக்கம் திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“தாயி, நீ புருசன் பேரச் சொல்லுவியா?”

எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத பொம்பிளையிடம் கேட்கிற கேள்வியா இது?

“அதெப்படிச் சொல்லுவாக?” என்றேன் வெடுக்கென்று.

“சொல்லிப் பழகிக்க” என்றார். அவ்வளவுதான். முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, “பெரியவரே, அரண்மனை எந்தப் பக்கம்?” என்று இரண்டு முறை கேட்டார். திரும்பவே இல்லை. திமிர் பிடித்த கிழம் என்று நினைத்துக்கொண்டேன்.

அரண்மனை சின்னதுதான். கலர் கண்ணாடி ஜன்னல்கள், ஆள் உயர நிலைக்கண்ணாடி, ஊஞ்சல் மாட்டிய கூடம். ராணி உட்கார்ந்து கடல் பார்க்கிற மாடத்தில் புறா எச்சம். அவருக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவேண்டும். எனக்குப் பசி. பின்பக்கம் ஒரு கூண்டுக்குள் மான்கள் இருந்தன. மான் என்றால் நம்மைப் பார்த்ததும் மிரளும், இல்லை தின்ன ஏதாவது கொடுப்போமா என்று கிட்ட வரும். இந்த மான்கள் இரண்டும் செய்யவில்லை. அத்தனையும் ஒரே மூலையில் ஒட்டி நின்றன. கிழக்கே ஒரு கல் தொட்டியும் அதை ஒட்டிப் பெரிய கிணறும் இருந்தன. மான்கள் கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நல்ல அடர்ந்த நாவல் மரம் ஒன்று, அதன் நிழலில். பழம் பழுக்க இன்னும் சில மாசம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பழத்துக்கு வேறு பேர். அதில் அவர் பேர் பாதி இருக்கிறது. அதனால் சந்தையில்கூட “அந்தக் கருப்புப் பழம்” என்றுதான் கேட்டு வாங்குவேன். அவருக்கு இது தெரியும். புளிச்சோற்றைத் தின்றுகொண்டே ஆரம்பித்தார்.

“வள்ளி, இது என்ன மரம்?”

“மரம்.”

“என்ன மரம்?”

“கருப்புப் பழ மரம்.”

“இங்கன ஆரு இருக்கா? ஒரு தடவை சொல்லேன். எம்பேரு ஒன் வாயில எப்பிடி இருக்குன்னு கேக்கணும்.”

“ஒங்களுக்கு ஆயுசு வேணாமா?”

“கூடக் கொறைய இருந்துட்டுப் போவுது. சொல்லு.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லலாமா? கையைக் கழுவிக்கொண்டு விருட்டென்று எழுந்தேன். “நீங்களும் ஒங்க மரமும்” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மதில் பக்கம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டை விரித்துப் படுத்தது தெரிந்தது.

மதிலுக்கு ஏறப் படி இருந்தது. மேலே போய் நின்றேன். ஒரு பக்கம் கடல். இந்தக் கடலைப் பெண் கடல் என்பார்கள். அலை அடிக்காது, சத்தம் போடாது. தகரம் மாதிரி வெயிலில் கிடந்தது. இந்தப் பக்கம் முழுத் தோட்டமும் காலடியில். மரத்தடியில் அவர் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தார். தூரத்தில் வாசல். கிழவர் குந்தியிருந்தார். கிழக்கே கிணறு. மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணறு அது, நாலு கமலை ஒரே நேரத்தில் ஓடுகிற அகலம். மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர். கமலை இறைக்கிற பக்கம் மட்டும் சுவர் இல்லை. வழவழப்பான கல், அதற்கப்புறம் வெறும் பள்ளம்.

காக்கா சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அப்போதுதான் கேட்டது.

“ஏங்க...”

ஒரு பொம்பிளைக் குரல். மெல்லிசாக. எங்களை மாதிரியே யாரோ தோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள், பெண்டாட்டி புருஷனைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. இன்றைக்கு நாங்கள் இரண்டு பேர்தானே?

“ஏங்க... ஏங்க...”

கிணற்றுப் பக்கமிருந்து வந்தது. அங்கே ஒருவரும் இல்லை. மேலே நிற்கிற எனக்குத் தெரியாமல் ஓர் ஆள் அங்கே நிற்க முடியாது.

மூன்றாம் முறை காதைக் கொடுத்துக் கேட்டேன்.

அது என் குரல்.

என் குரலை எனக்குத் தெரியாதா? ‘ஏ’யைக் கொஞ்சம் இழுத்து, ‘ங்க’வை விழுங்கிச் சொல்வேன். அதே இழுப்பு. அதே விழுங்கல். நான் வாயை மூடிக்கொண்டு மதில் மேல் நிற்கிறேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து என் புருஷனைக் கூப்பிடுகிறது.

மரத்தடியில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“வாரேன் வள்ளி” என்றார்.

துண்டைத் தட்டித் தோளில் போட்டார். கிணற்றைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“ஏங்க!” என்று கத்தினேன். “இங்கன! இங்கன இருக்கேன்!”

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார். கிணற்றைப் பார்த்துக் காட்டினார்.

“இந்தா வந்துட்டேன்...”

“ஏங்க!” என்றேன்.

“ஏங்க...” என்றது கிணறு.

அவர் நடை வேகமானது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கூப்பிடக் கூப்பிட அவர் இன்னும் வேகமாகக் கிணற்றுக்குப் போகிறார். என் சத்தமும் அந்தச் சத்தமும் அவருக்கு ஒன்றுதான். கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாவிட்டாலும் போவார்.

இறங்கி ஓடலாம். அதற்குள் அவர் போய்விடுவார்.

மரத்தைத் தாண்டினார்.

தொட்டியைத் தாண்டினார்.

சுவர் இல்லாத பக்கம்...

எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை தெரியும். வாய்க்கு வரவில்லை. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லுக்கு ஒரு நாள்... அம்மா முகம் வந்து நின்றது. நானே என் வாயால் அவர் ஆயுசைக் குறைக்கவா?

அவர் கல்லில் கால் வைத்தார்.

குனிந்தார்.

கையை நீட்டினார்...

“நாகநாதா...!”

என் அடிவயிற்றிலிருந்து வந்தது அது. இருபது வயசு வரைக்கும் நான் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. கோட்டைச் சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது.

அவர் நின்றார். ஒரு கால் கல்லில், ஒரு கால் காற்றில். மெள்ளத் திரும்பி, நிமிர்ந்து, மதில் மேல் நிற்கிற என்னைப் பார்த்தார். மறுபடி கிணற்றுக்குள் பார்த்தார். அப்படியே பின்னால் சரிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கிணறு அமைதியானது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம்... தேம்பல்.

இப்போது அது என் குரல் இல்லை. வேறு யாரோ. கரகரவென்று, ரொம்ப நாளாகப் பேசாத தொண்டை. சின்னப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்குமே, அந்த மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தது.

“கூ... கூத்... தை...”

நின்றது.

பிறகு தெளிவாக, அழுகையோடு, ஒரே முறை:

“கூத்தையா...”

அதில் இருந்த துக்கத்தை நான் எப்படிச் சொல்வேன்? எனக்குப் பயம் போய்விட்டது. நெஞ்சு வலித்தது. ஐயோ பாவமே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கிணற்றில் தண்ணீர் ஒரு முறை தளும்பும் சத்தம் கேட்டது. அதன்பிறகு காக்காய்கள் கத்தத் தொடங்கின.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

“நீ மேலயா இருந்த?”

“ஆமா.”

“அப்ப உள்ள நின்னது ஆரு வள்ளி?”

“என்ன பாத்தீக?”

“ஒன்னையத்தான் பாத்தேன். ஒன் மொகந்தான். நெஞ்சு வரைக்கும் தண்ணிக்குள்ள... ‘தூக்கி விடுங்க’ன்னு கைய நீட்டுன. நான் கையக் குடுக்கப் போனேன்.”

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. சோற்றுத் தூக்கு, துண்டு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினோம்.

கிழவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். முகம் பூராவும் கண்ணீர். ஆனால் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“தாயி, கேட்டியா? எம்பேரச் சொன்னா.”

தலையை ஆட்டினேன்.

“கூத்தையான்னு சொன்னாளா?”

“சொன்னாக பெரியவரே.”

“சொல்லிட்டா...” என்றார். “சொல்லிட்டா கழுதை...”

தலைப்பாகையை உதறி மறுபடி ஒழுங்காகக் கட்டிக்கொண்டார். விருந்துக்குப் போகிறவர் மாதிரி வேட்டியைச் சரிசெய்தார். கிணற்றுப் பக்கம் நடந்தார். போகும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

“வாரேன்... இந்தா வாரேன்...”

நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

டீக்கடையில் போய் விழுந்தபோது வாவு முகம்மது எங்கள் முகத்தைப் பார்த்ததுமே பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நடந்தது வரைக்கும் சொன்னார்.

“அல்லா காப்பாத்துனான் தங்கச்சி” என்றார் என்னிடம். “அது நீங்க பொறக்குறதுக்கு முந்துன சங்கதி. தண்ணி வத்திப்போயி அந்தக் கெணத்த ஆழந்தோண்டுனாக. புருசன் வெட்டுவான், பொண்டாட்டி மண்ணு சொமப்பா. அம்புட்டுப் பேரும் சோடி சோடியாத்தான் வேலைக்கு வந்தாக. எங்க வாப்பா அன்னைக்கி அங்கன வெத்தலை யாவாரத்துக்குப் போயிருந்தாக. உச்சிக்கு எல்லாரும் மேல ஏறி அந்த நாகமரத்து நெழல்ல சோறு தின்னுட்டுக் கண்ணசந்தாக. கூத்தையாவோட வந்த அந்தப் புள்ளை மட்டும் தலைக்கு வைக்கிற சும்மாட்டுத் துணிய மறந்துட்டேன்னு கீழ எறங்குச்சு. மண்ணு சரிஞ்சு போச்சு. நெஞ்சு வரைக்கும் பொதைஞ்சு நின்னுக்கிட்டு, ‘ஏங்க, ஏங்க’ன்னு கூப்பிட்டுருக்கு.”

“ஆருக்கும் கேக்கலையா?” என்றேன்.

“எல்லாருக்குந்தான் கேட்டுச்சு.”

பாய் ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்தார்.

“கெணத்துக்குள்ள கொரலு மாறிப் போகுமுல்ல. அம்புட்டு ஆம்பளைக்கும் ‘ஏங்க’தான். அடுத்தவன் பொண்டாட்டி கூப்பிடுறான்னு ஒவ்வொருத்தனும் இருந்துட்டான். ‘ஏலே, எவன் வீட்டு மகராசியோ கூப்பிடுறாடா, எந்திரிச்சுப் போங்கடா’ன்னு கேலி பேசிச் சிரிச்சிருக்காக. கூத்தையாவும் சேந்துதான் சிரிச்சாராம். ஒரே ஒரு தடவை பேரச் சொல்லியிருந்தா...”

“சொல்லலையா?”

“புருசன் பேர எப்பிடித் தங்கச்சி சொல்லும்? கடைசி வரைக்கும் சொல்லலை. அப்பத்தான் ஊத்துக்கண்ணு தெறந்து தண்ணி ஏறிருச்சு. கீழ மண்ணு, மேல தண்ணி. மையத்தக்கூட வெளிய எடுத்து அடக்கம் பண்ண முடியல. அன்னையிலேருந்து அந்தக் கெணறு வத்துனதில்ல. அந்தத் தண்ணியிலதான் தோட்டமே நிக்கிது.”

தோட்டத்தில் இரண்டு செம்பு வாங்கிக் குடித்தது என் வயிற்றுக்குள் கல்லாகக் கனத்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் எவ்வளவு நேரம் கூப்பிட்டிருப்பாள்? மேலே சிரிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமே. அதில் தன் புருஷன் சிரிப்பும் இருப்பது தெரிந்திருக்குமே. அப்போதும் அவன் ஆயுசு குறையக்கூடாது என்றுதானே வாயை மூடிக்கொண்டாள்?

“அவுக பேரு என்ன பாய்?” என்று கேட்டேன்.

பாய் யோசித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர்களைக் கேட்டார். அவர்களும் யோசித்தார்கள்.

“கூத்தையா பொண்டாட்டின்னுதான் சொல்லுவாக” என்றார் ஒருவர்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

பஸ் சத்தம் தூரத்தில் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்தார். “நல்லவேளை, கூத்தையா பெரியவருக்கு இன்னைக்காச்சும் அவுக கூப்பிட்டது கேட்டுச்சு. ‘எம்பேரச் சொன்னா’ன்னு எங்ககிட்ட அழுதாரு” என்றார்.

பாய் கையிலிருந்த கிளாஸை அப்படியே கீழே வைத்தார்.

“கேட்டுச்சுன்னு ஆரு சொன்னா?”

“அவருதான் சொன்னாரு.”

“தம்பி... அவருக்குக் காது கேக்காது. பொண்டாட்டி போன மறுவாரமே அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குன்னு ரெண்டு காதுலயும் எருக்கம்பாலை ஊத்திக்கிட்டாரு. டமாரச் செவிடு. நம்ம வாயசைக்கிறதப் பாத்துத்தான் ஒண்ணு ரெண்டு புரிஞ்சுக்குவாரு.”

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறினோம். திருவாடானை வரைக்கும் அவர் சட்டையை நான் விடவில்லை.

அடுத்த வாரம் ஆபீஸ் வேலையாக உப்பூர் போனவர் செய்தி கொண்டுவந்தார். அன்றைக்குச் சாயங்காலம் காக்கிச் சட்டைக்காரர் போய்ப் பார்த்தபோது கிணற்று மேட்டில் தலைப்பாகைத் துணி மட்டும் மடித்து வைத்திருந்ததாம். பாதாளக்கரண்டி போட்டுத் தேடினார்கள். முங்கிப் பார்க்கிறவர்கள் இறங்கித் தேடினார்கள். கூத்தையா கிடைக்கவில்லை. அந்தக் கோடையிலேயே கிணற்றில் ஊற்று நின்றது. தண்ணீர் ஒட்ட வற்றியதும் அடிமண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரில் ஒருவருடைய எலும்புகூட இல்லை. ஏன் இல்லை, எங்கே போனார்கள், எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தண்ணீர் போனதும் தோட்டம் காய்ந்தது. போர்டைக் கழற்றினார்கள். மான்களை வேறெங்கோ கொண்டுபோனார்கள்.

அன்றையிலிருந்து நான் ‘ஏங்க’ என்று கூப்பிட்டதில்லை. வீட்டிலும் சரி, கோயிலிலும் சரி, பஸ் ஸ்டாண்டிலும் சரி, “நாகநாதன்” என்றுதான் கூப்பிட்டேன். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்கிற மாதிரி சட்டென்று திரும்புவார்.

அவர் ஐம்பதைத் தொடவில்லை. மாரடைப்பு. “பேரச் சொல்லிச் சொல்லியே எம்புள்ளைய முடிச்சிட்டா” என்று மாமியார் இழவுக் கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்துச் சொன்னார். பெற்ற வயிறு. சொல்லுக்கு ஒரு நாள் குறைந்ததோ என்னவோ. குறைந்தது போக மிச்சம் எனக்குக் கிடைத்த வருஷங்கள் எல்லாம் அந்தக் கிணற்றங்கரையில் நான் கூப்பிட்டு வாங்கியவை.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி நாள். நல்ல உச்சி வெயில் நேரம். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. அங்கே யாரோ நிற்கிற மாதிரி பார்த்தார். உதடு அசைந்தது. “வாரேன் வள்ளி” என்றார். நான் இந்தப் பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கத்தினேன். வார்டு பூராவும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, மதில் மேல் நின்று கத்திய அதே மாதிரி, பேரைச் சொல்லிக் கத்தினேன்.

அந்தத் தடவை அவர் திரும்பவில்லை.